மழைத்தொப்பி போட்ட பைனாகுலர்

கொஞ்சம் கிட்டே வந்து உட்காருங்கள், கண்ணுகளா. இந்தக் கடற்காற்று என் குரலைப் பிடுங்கிக்கொண்டு போய்விடும். ஃபிக்ரியின் கதையைச் சொல்கிறேன். தேநீர் ஆறிப்போனாலும் நடுவில் எழுந்திருக்காதீர்கள். கடைசிவரை இருந்தவர்களுக்குத்தான் முழுச் சிரிப்பும்.

பைனாகுலரைக் கண்ணில் வைத்த ஃபிக்ரி, அதை எடுத்துவிட்டு மறுபடியும் வைத்துப் பார்த்தார். எதிர்மேட்டுக் காற்றாலை, வெந்நீரில் குளித்து முடித்த அறையின் கண்ணாடியில் தெரிகிற முகம் மாதிரி மங்கலாக நின்றது. சீசனின் முதல் நாள். பைனாகுலரோ புத்தம் புதியது. போன வருஷத்துப் பழையதில் இதே காற்றாலையின் ஏணிப்படிகளைக்கூட எண்ணியவர் அவர்.

செங்கடல் கரையில், ராஸ் காரிப் ஊருக்குத் தெற்கே அந்தப் பொட்டலில், நூற்றுக்கு மேல் காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன. வசந்தம் வந்தால் செங்கால் நாரைகள் ஆயிரக்கணக்கில் அவற்றின் ஊடாகத்தான் வடக்கே போகும். மூன்று மேடுகளில், மேட்டுக்கு இரண்டு பேராக ஆறு பேர் உட்கார்ந்து வானத்தைப் பார்க்க வேண்டும். கூட்டம் வருவது தெரிந்ததும் வாக்கிடாக்கியில் "எட்டாவது வரிசை, நிறுத்து" என்று சொன்னால் அந்த வரிசை இறக்கைகள் நின்றுவிடும். இரண்டு நிமிஷம் தாமதமானால் நாரைகள் துண்டு துண்டாகக் கீழே விழும். அவ்வளவுதான் வேலை. கண் இருந்தால் போதும். கண் இல்லாதவனுக்கு அங்கே ஒரு நாள்கூட இடமில்லை.

இந்த வேலைக்கு வருவதற்கு முன் ஃபிக்ரி பத்தொன்பது வருஷம் ஹுர்கதாவில் ஒரு ஹோட்டலில் துண்டுகளை அன்னப்பறவைகளாக மடித்துக் கட்டில்மேல் வைத்துக்கொண்டிருந்தார். ஒரு நாளைக்கு அறுபது அன்னங்கள். ராத்திரி வந்து படுக்கிறவன் அதன் கழுத்தைப் பிரித்து முகம் துடைப்பான். ஐம்பத்தோரு வயதில்தான் உயிருள்ள பறவையை அண்ணாந்து பார்க்கிற வேலை கிடைத்தது. முதன்முதலாக ஒரு நாரைக் கூட்டத்துக்காகப் பத்துக் காற்றாலைகளை நிறுத்திய அன்று, வீட்டுக்கு வந்து மனைவி இன்ஷிராஹிடம் அதையே மூன்று தடவை சொன்னார். இது மூன்றாவது சீசன். இந்த வேலை போனால் திரும்பவும் துண்டுதான்.

போகவும் வாய்ப்பிருந்தது. போன சீசனில் ஒருநாள், லென்ஸில் படிந்த மணலை அங்கியின் கையால் துடைத்துவிட்டார். மணல் என்றால் என்ன, பொடிக் கல்தானே. பூனை பிறாண்டியது போலக் கண்ணாடியில் ஆறு கோடுகள். பொறுப்பாளர் டாக்டர் சுஹேர் கத்தவில்லை. எல்லோரையும் வரிசையாக நிற்கவைத்து, அந்தப் பைனாகுலரைக் கைக்குக் கை கொடுத்துப் பார்க்கச் சொன்னார். அது கத்தலைவிட மோசம்.

இந்த வருஷம் புதுப் பைனாகுலர்களோடு புதுச் சட்டமும் வந்தது. லென்ஸில் விரல் படக் கூடாது, துணி படக் கூடாது. ஊதலாம், தூரிகையால் மெல்லத் தட்டலாம். பார்க்காத நேரமெல்லாம் முன்பக்கம் இரண்டு மூடிகளும், கண் வைக்கிற பக்கம் கழுத்துவாரில் கோத்த ஒரு ரப்பர் தொப்பியும் போட்டிருக்க வேண்டும். மழைநாடுகளில் சொட்டு விழாமலிருக்கச் செய்த சாமான் அது. அதற்கு மழைத்தொப்பி என்று பேர் வைத்தவன் ஃபிக்ரியின் மேட்டுக்காரன் ஸைதான். முப்பது வயது, பாலைவனத்து ஆள், வாய் சும்மா இருக்காது.

"மழையா, இங்கயா? எனக்குக் கல்யாணமாகி எட்டு வருஷமாச்சு டாக்டரம்மா, இன்னும் ஒரு குடை வாங்கல" என்றான்.

"மேலேர்ந்து தண்ணி விழுந்தாதான் மழையா ஸைதான்? இங்க மணல் விழுது. அதையும் மூடித்தான் ஆகணும்" என்றார் டாக்டர்.

ஸ்டோர்காரர் மிலாத், பிரசவ ஆஸ்பத்திரி நர்ஸ் குழந்தையைத் தருவதுபோல ஒவ்வொரு பைனாகுலரையும் இரண்டு கையாலும் ஏந்திக் கொடுத்தார். இந்த வருஷம் ஒரு கீறல்கூட விழாது, எழுதித் தருகிறேன் என்று ஒவ்வொருவரிடமும் சொன்னார். எல்லாவற்றுக்கும் எழுதித் தருகிறேன் என்பது அவர் பழக்கம். யாரும் காதில் வாங்கவில்லை. ஜீப் வேறு ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

ஆக, முதல் நாளே மங்கல். தூசிதான் காரணம் என்று ஃபிக்ரி முடிவுகட்டினார். துடைக்கவோ கூடாது. அப்படியானால் தூசி ஏறவே விடக் கூடாது. அன்றிலிருந்து ஆரம்பித்தது வினை.

முன்மூடிகள் இரண்டும் ரப்பர் வாரில் தொங்கும். காற்றுக்கு அவை பைனாகுலரில் மோதி டக்டக் என்று அடித்துக்கொண்டே இருந்தன. "யாரோ கழுதையில வர்றாங்கன்னு மூணு தடவை எழுந்து பாத்துட்டேன் சித்தப்பா" என்றான் ஸைதான். ஃபிக்ரி டேப் போட்டு மூடிகளை அழுத்தி ஒட்டினார். சத்தம் நின்றது. மறுநாள் ஏழு கழுகுகள் தலைக்கு மேல் வந்தபோது டேப் பிரிய மறுத்தது. நகத்தால் சுரண்டி முடிப்பதற்குள் கழுகுகள் சூயஸ் பக்கம் போய்ச் சேர்ந்திருக்கும். நல்லவேளை, அவை உயரத்தில் போயின.

டேப்பை விட்டுவிட்டு மழைத்தொப்பியை நம்பினார். பார்க்கும்போது அதைக் கழற்றினால் கழுத்துவாரில் தொங்கும். எப்படித் தொங்கும்? வாய் மேலே பார்த்து, பிச்சைக் கிண்ணம் மாதிரி. அரை மணி நேரத்தில் அதில் ஒரு கரண்டி மணல் சேரும். அதை அப்படியே எடுத்துக் கண்பக்கம் கவிழ்த்து அழுத்தினார். எவ்வளவு மணலைத் தடுக்க நினைத்தாரோ அவ்வளவையும் தன் கையாலேயே சுத்தமாக உள்ளே கொட்டி மூடினார். இது தெரியவே நான்கு நாளாயிற்று. தூரிகையால் தட்டினார், ஊதினார், கவிழ்த்துப் பிடித்து முதுகில் தட்டிக்கொடுத்தார். மணல் போயிற்று. மங்கல் போகவில்லை.

இன்ஷிராஹிடம் சொன்னார். அவள் மூடிவைப்பதில் பெயர் வாங்கியவள். அவர்கள் வீட்டு சோபா வாங்கிப் பதினோரு வருஷம், இன்னும் பிளாஸ்டிக் கிழிக்கவில்லை. கோடையில் உட்கார்ந்து எழுந்தால் தோல் பாதி அதிலேயே தங்கிவிடும். டிவி ரிமோட்டுக்குப் பை, ஃபிரிட்ஜ் கைப்பிடிக்குப் பூப்போட்ட சட்டை.

"அத ஏன் அம்மணமாத் தூக்கிட்டுத் திரியறீங்க மர்வா அப்பா?" என்று கேட்டுவிட்டு, பழைய மெத்தையைக் கிழித்துப் பஞ்சு வைத்து ஓர் உறை தைத்தாள். பதினோரு பொத்தான். அழகாக இருந்தது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் திறக்கப் பதினோரு பொத்தான்; மூடவும் பதினோரு பொத்தான். போதாததற்குப் பஞ்சு உதிர்ந்தது. இப்போது வானத்தில் மங்கலோடு மேகமும் சேர்ந்துகொண்டது.

ஒருநாள், தன்னுடையதில் வார் அறுந்துவிட்டதென்று சாக்குச் சொல்லி ஸைதானின் பைனாகுலரை வாங்கிப் பார்த்தார். அதே ஆவி. அதே மங்கல்.

திருப்பிக் கொடுத்துவிட்டு மேட்டின் மறுபக்கம் போய்க் கொஞ்ச நேரம் தனியாக உட்கார்ந்தார். கண்ணாடியில் குறையில்லை. கண்ணில்தான் குறை.

வெறுங்கண்ணால் பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் தெரிந்தது; அதுதான் இன்னும் பயமாக இருந்தது. கம்பெனி கிளினிக்குக்குப் போனால் சீட்டு நேரே ஆபீசுக்குப் போய்விடும். ஆகவே எதிர்வீட்டுக்காரியிடம் இன்ஷிராஹ் ஜாடையாக விசாரித்தாள். எதிர்வீட்டுக்காரி எல்லா நோயும் அறிந்தவள். அது தூரக்கண் நோய், வெறும் கண்ணுக்குத் தெரியும், கண்ணாடி வழியாகப் பார்த்தால் தெரியாது, தன் மாமாவுக்கும் வந்தது என்றாள்.

"அப்புறம் என்ன ஆச்சு?"

"அப்புறம் மாமா செத்துட்டாரு. அது வேற காரணம்."

வைத்தியம் தொடங்கியது. ஊறிய தேயிலையைத் துணியில் கட்டிக் கண்மேல் வைத்தார்கள். பிறகு இன்ஷிராஹ் தன் அம்மா வீட்டுச் சுர்மா மையைக் கண்ணில் தீட்டிவிட்டாள். அன்றைக்கு மேட்டில் பைனாகுலரைக் கண்ணில் அழுத்திப் பார்த்து எடுத்ததில் முகத்திலும் பைனாகுலரிலும் இரண்டிரண்டு கரிய வளையங்கள் விழுந்தன. அதோடு விட்டிருக்கலாம். வாரைப் பார்க்கிறேன் என்று ஸைதான் வாங்கித் தானும் ஒருமுறை பார்த்தான். சாயங்காலம் ஜீப்பில் ஏறிய இருவரையும் பார்த்து அடுத்த மேட்டுப் பெண் ரபாப், "ஆந்தைக் கணக்கெடுப்பும் ஆரம்பிச்சாச்சா?" என்று கேட்டாள். அவளுக்கே கண் சிவந்திருந்தது. சொட்டு மருந்து ஊற்றிக்கொண்டிருந்தாள். மணல் ஒவ்வாமை என்றாள்.

இனி மறைக்கத்தான் வேண்டும் என்று ஃபிக்ரி தீர்மானித்தார். பைனாகுலருக்கு மூடி, தொப்பி, பஞ்சுறை மூன்றையும் போட்டு மடியில் வைத்துக்கொண்டு, கல்லில் சாய்ந்து வெறுங்கண்ணால் வானத்தைப் பார்த்தார். டாக்டரின் ஜீப் புழுதி தெரிந்தால் மட்டும் பதினோரு பொத்தானையும் கழற்றுவார்.

பார்க்கப் பார்க்க ஒரு விஷயம் பிடிபட்டது. நாரைக் கூட்டம் சுற்றிச் சுற்றி மேலேறும்போது, ஒரு பக்கம் திரும்பினால் காணாமல் போகும். மறுபக்கம் திரும்பினால் மொத்தமும் ஒரே சமயத்தில் வெயிலில் பளிச்சென்று வெளுக்கும், யாரோ அடிவானத்தில் சோற்றை அள்ளி இறைத்தது மாதிரி. அந்தப் பளிச்சுக்காக ஒட்டகம் மாதிரி பொறுமையாகக் காத்திருந்தார். பளிச்சென்றதும் "நிறுத்து" என்றார். நின்றது. நாரைகள் தப்பின.

ஸைதானும் அதிகம் பைனாகுலரைத் தொடவில்லை. கழுத்து வலி என்றான். "நீங்க மூத்தவரு, மொதல்ல நீங்க சொல்லுங்க சித்தப்பா. நான் பின்னாடியே சொல்றேன்" என்பான். சோம்பேறி என்று ஃபிக்ரி நினைத்துக்கொண்டார், உள்ளுக்குள் பயம். பையனுக்குச் சந்தேகம் வந்து சோதிக்கிறானோ?

டாக்டரும் சோதிக்கிற மாதிரியே இருந்தது. மேட்டுக்கு வந்தால், தானும் பைனாகுலரைக் கண்ணில் வைத்தபடி, "நீங்க சொல்லுங்க ஃபிக்ரி. எத்தனை?" என்பார்.

எத்தனை என்று யாருக்குத் தெரியும். "முந்நூத்தி நாப்பது" என்பார் ஃபிக்ரி, உள்ளே குர்ஆனின் முதல் ஏழு வசனம் ஓதிக்கொண்டே.

டாக்டர் கொஞ்சம் யோசிப்பார். "நானும் அதேதான் எண்ணினேன்" என்று எழுதிக்கொள்வார்.

இப்படி ஒரு அதிர்ஷ்டம் மனுஷனுக்கு எத்தனை நாள் தாங்கும்? ஏப்ரல் நடுவில் வழுக்கியது. தென்மேற்கில் பளிச்சென்று ஒரு வெள்ளைக் கூட்டம். சுற்றியது, ஏறியது, வெளுத்தது. ஆனாலும் பறப்பதில் ஏதோ ஒரு குடிகாரத் தள்ளாட்டம். ஃபிக்ரிக்குச் சந்தேகம். ஸைதானைப் பார்க்கச் சொன்னார்.

ஸைதான் பைனாகுலரைத் தூக்கி, வெகுநேரம் பார்த்து, "நாரைதான் சித்தப்பா. முன்னாடி போறதோட அலகுகூடத் தெரியுது" என்றான்.

பன்னிரண்டு காற்றாலைகள் நின்றன. பத்து நிமிஷம் கழித்து அந்தக் கூட்டத்தில் ஒன்று ஃபிக்ரியின் காலடியிலேயே வந்து இறங்கியது. ராஸ் காரிப் காய்கறிக்கடையின் பிளாஸ்டிக் பை. ஓரத்தில் ஒரு வெங்காயத் தோல்.

பன்னிரண்டு காற்றாலைகளைப் பைக்காக நிறுத்தியவனை யார் வைத்துக்கொள்வார்கள்? வாக்கிடாக்கியை எடுத்து நடந்ததைச் சொல்லிவிட்டு ஃபிக்ரி கண்ணை மூடிக்கொண்டார். மறுமுனையில் டாக்டர், மெதுவாக, எல்லாருக்கும் நடக்கிறதுதான் என்று மட்டும் சொன்னார். அந்த இரக்கம்தான் ஃபிக்ரியை ராத்திரியெல்லாம் குடைந்தது. இவ்வளவு நல்ல மனுஷியை ஏமாற்றிக்கொண்டிருக்கிறோமே.

மே மாதம் வந்தது. சீசனின் கடைசி நாள். அன்று மாலை பைனாகுலரை ஸ்டோரில் ஒப்படைத்துவிட்டால், அடுத்த வருஷம் கூப்பிடுவார்களா இல்லையா என்பது அங்கேயே தெரிந்துவிடும். ஒரே ஒரு பகலை ஓட்டிவிட்டால் போதும்.

அன்றைக்குப் பார்த்து மழை பெய்தது.

ஆமாம், மழை. அந்தப் பொட்டலில் ஐந்து வருஷமாகப் பெய்யாத மழை. முதலில் நான்கு சொட்டு விழுந்தபோது, மேலே யாரோ துணி உலர்த்துகிறார்கள் என்றான் ஸைதான். பிறகு கொட்டியது. ஃபிக்ரி பதறிப்போய்ப் பைனாகுலருக்கு மூடி போட்டார், தொப்பியை அழுத்தினார், உறையின் பதினோரு பொத்தானையும் மாட்டினார், அதற்கு மேல் தன் மேலங்கியையும் கழற்றிச் சுற்றினார். மூன்று மாதமாக மணலைத் தின்ற மழைத்தொப்பி, பிறந்த பயனை அன்றுதான் கண்டது. ஃபிக்ரி மட்டும் நனைந்துகொண்டு நின்றார்.

மழையில் நாரைகளால் உயரத்தில் பறக்க முடியாது. கீழிறங்கிவிடும். அவருக்கு அது தெரியும். சாம்பல் வானத்தில் வெயிலும் இல்லை, பளிச்சும் இல்லை. முகத்தில் வழிந்த நீரை வழித்துவிட்டு வெறுங்கண்ணை இடுக்கிப் பார்த்தார். தெற்கே, மலையடிவாரத்தில், மழைக்கோடுகளுக்கு நடுவில் ஒரு கோடு மட்டும் படுத்திருந்தது. அது நகர்ந்தது.

"நாலாவது வரிசையிலேர்ந்து ஒன்பது வரைக்கும், எல்லாத்தையும் நிறுத்து" என்றார்.

"எல்லாத்தையுமா? பையா இருந்துடப் போவுது சித்தப்பா" என்றான் ஸைதான்.

"பைன்னா என் வேலை போகட்டும். நாரைன்னா அதுங்க உயிரு போகும்."

இறக்கைகள் ஒவ்வொன்றாகத் தயங்கி நின்றன. நின்றதும் வந்தன. ஆயிரமோ இரண்டாயிரமோ, நனைந்து கனத்துப்போன சிறகுகளோடு, கால்களைத் தொங்கவிட்டுக்கொண்டு, நின்றுபோன காற்றாலைகளுக்கு நடுவே, மேட்டில் நின்றவர்களின் தலை உயரத்தில் புகுந்து போயின. ஒன்றின் சிறகுக்காற்று ஃபிக்ரியின் கன்னத்தில் பட்டது. ஒரு இறகுகூடக் கீழே விழவில்லை.

மாலையில் எல்லோரும் ஸ்டோர் வாசலில் ஈரத்தோடு வரிசையில் நின்றார்கள். மிலாத் ஒவ்வொரு பைனாகுலராக வாங்கி, மூடியைக் கழற்றி, விளக்குக்கு நேரே சாய்த்துப் பார்த்து, ஒன்று, இரண்டு என்று வைத்துக்கொண்டிருந்தார். டாக்டர் சுஹேர் தன்னுடையதையும் கழுத்திலிருந்து கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு எல்லோர் பக்கமும் திரும்பினார். இந்த சீசனில் ஒரு நாரைகூடச் சாகவில்லை என்றார். அதிலும் இன்றைக்கு அந்த மழையில் ஃபிக்ரி பார்த்ததை வேறு யாரும் பார்த்திருக்க முடியாது என்றார். அடுத்த வருஷம் மேடுகளுக்கெல்லாம் அவரே தலைவர் என்றார்.

ஸைதான்தான் முதலில் கைதட்டினான். ஃபிக்ரிக்கு அந்தக் கைதட்டல் தாங்கவில்லை. பஞ்சுறையோடு பைனாகுலரை மேசைமேல் வைத்தார்.

"வேணாம் டாக்டரம்மா. அந்த நாற்காலி எனக்கு வேணாம். என் கண்ணு போயிடுச்சு. இதுவழியா நான் ஒண்ணுமே பாக்கல, எல்லாம் வெறுங்கண்ணுதான். நீங்க எத்தனைன்னு கேட்டப்பல்லாம் நான் சொன்னது பொய். மன்னிச்சிருங்க. நல்ல கண்ணா ஒரு ஆளப் பாத்து வெச்சுக்கங்க."

ஏசப்போகிறார் என்று ஃபிக்ரி தலையைக் குனிந்து நின்றார்.

டாக்டர் ஏசவில்லை. "எந்த நாள்லேர்ந்து?" என்று கேட்டார். குரல் ஒரு மாதிரி இருந்தது.

"மொத நாள்லேர்ந்து."

"ஆவி பிடிச்ச கண்ணாடி மாதிரியா சித்தப்பா?" பின்னாலிருந்து கேட்டவள் ரபாப்.

ஃபிக்ரி ஆமென்று தலையாட்டினார். ரபாப் அங்கே கிடந்த சாக்கின்மேல் மெல்ல உட்கார்ந்தாள். ஸைதான் கூரையைப் பார்த்தான். டாக்டர் தன் குறிப்புநோட்டைத் திறந்து, அதில் எழுதியிருந்த முந்நூற்று நாற்பதையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் யாரையும் பார்க்கவில்லை.

இது எதையும் காதில் வாங்காத மிலாத், ஏழாவது பைனாகுலரையும் விளக்கில் சாய்த்துப் பார்த்துத் திருப்தியாகக் கீழே வைத்தார். தலையை நிமிர்த்தி, மனத்தாங்கலோடு எல்லோரையும் ஒருமுறை பார்த்தார்.

"ஏழுலயும் ஒரு கீறல் இல்ல. எப்படி இருக்கும்? என் மச்சான் கடையில கீறல் விழாம ஃபோனுக்கு ஒட்டுற பிளாஸ்டிக் தாள வாங்கிட்டு வந்து, ஒவ்வொரு லென்ஸா அளவெடுத்து வெட்டி, ஏழுக்கும் நானே உக்காந்து ஒட்டினேன். மூணு மாசமாச்சு, நல்லாத் தெரியுதா மிலாத்துன்னு ஒருத்தராவது ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

உங்கள் வீட்டில் யாருடைய கண்ணும் மங்காமல் இருக்கட்டும், கண்ணுகளா. மங்கினாலும், அதை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் வீடாக அது இருக்கட்டும்.